காவல் இல்லாத துறைமுகம்

கொட்டாஞ்சேனை,
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி தர்ஷனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டதும் கோபித்துக்கொள்கிறது. உன் இடுப்பு வலி எப்படி? கதிரையை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?

இந்த மாதத்தோடு நீ டோஹாவுக்குப் போய்ப் பதினொரு வருஷம். நம்முடைய சாம்ராஜ்யத்துக்கும் அதே வயது. தொண்ணூற்றொன்பதில் நான் வாங்கிய அதே சீடி, அதே நாடு கட்டும் விளையாட்டு. நான் ஒரு சுற்று ஆடி ஃபைலை அனுப்ப, நீ ஒரு சுற்று ஆடித் திருப்பி அனுப்ப, இருநூற்றுப் பதினோராவது சுற்றுக்கு வந்துவிட்டோம். கடிதம் இல்லாமல் வருகிற ஃபைலைத் திறக்கமாட்டேன் என்று அன்றைக்கே நான் சட்டம் போட்டது எவ்வளவு நல்லது. போனில் உன்னைக் கேட்டால் "ஓம் அக்கா, சுகம் அக்கா, வைக்கட்டா அக்கா." அவ்வளவுதான் உன் வாயிலிருந்து வரும்.

போன கிழமை ஒரு புது விளையாட்டு வாங்கினேன். நூற்றுப் பதினெட்டு ஜிபி. இறங்கி முடிய மூன்று நாள். ஒருகொடவத்தை யார்டில் நான் கேட் பாஸ் எழுதிக் கொடுக்கிற கொள்கலன்கள்கூட அதைவிடக் கெதியாக வெளியே போகும். சரி, திறந்தாயிற்று. முதல் அரை மணித்தியாலம் எனக்கு நடக்கப் பழக்கினார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது, நடக்கத் தெரியும். பிறகு எங்கே ஏற வேண்டும் என்று சுவரில் மஞ்சள் பெயின்ட் அடித்துக் காட்டினார்கள். படம் அழகு, இல்லை என்று சொல்லவில்லை. மழையில் நனைந்த சட்டையின் மடிப்புக்கூடத் தெரிகிறது. ஆனால் நான் யோசிக்க ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. நம்முடைய பழைய விளையாட்டுகளில் முதல் வாசலிலேயே நாலு தரம் சாக வேண்டும். ஐந்தாம் தரம் உள்ளே போனால், வாசல் நம்முடையது.

கீழ்வீட்டு மாக்ரெட் உனக்கு ஒரு சம்பந்தம் கொண்டு வந்திருக்கிறாள். ஹெவ்லொக் டவுன் பிள்ளை, ஆசிரியை. எனக்குச் சாதகக் குறிப்பில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு ஆளை அரை மணித்தியாலம் விளையாட விட்டுப் பார்த்தால் போதும். பொறுமையான ஆளா, பேராசையா, தோற்றால் மேசையில் அடிக்கிற ஆளா, எல்லாம் தெரிந்துவிடும். ஆனாலும் உனக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. படம் அனுப்பட்டா?

உன் தெஹிவளைக்குப் பக்கத்துக் குன்றை நான் பிடித்துவிட்டேன். அழாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா ஜீவராணி


டோஹா,
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கதிரையை மாற்றிவிட்டேன், இடுப்பு சொன்னபடி கேட்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் போதாது, டொக்டரிடம் காட்டுங்கள். இங்கே நல்ல குளிர். ஆஸ்பத்திரியில் கம்பியூட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள், என் தலையில்தான் முழுச் சோலியும்.

குன்றைப் பிடித்தது அநியாயம். நான் பதிலுக்கு இரத்மலானையைக் கட்டிவிட்டேன். அடுத்தது மொறட்டுவை.

பழைய விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி அக்கா. ஒரு பிழை விட்டால் மூன்று மணித்தியாலம் பின்னுக்குப் போய்த் தொடங்க வேண்டும். அதை நீங்கள் வீரம் என்கிறீர்கள். அது டிஸ்கில் இடம் இல்லாத குறை. இப்போது எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறம் தெரியாதவர்களுக்கு நிறத்தை மாற்றலாம், கை நடுங்குகிறவர்கள் வேகத்தைக் குறைக்கலாம். எங்கள் வார்டில் ஒரு கை மட்டும் உள்ள பெடியன் ஒருத்தன் ஒற்றைக் கையால் கார் ஓட்டி என்னைத் தோற்கடிக்கிறான். உங்கள் காலத்தில் அவனை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
தர்ஷன்


கொட்டாஞ்சேனை,
6 பெப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். டொக்டர், முழங்காலுக்கு நடக்கச் சொல்கிறார். அவருக்கும் அந்தப் புது விளையாட்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஹெவ்லொக் டவுனைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. ஒற்றைக் கைப் பெடியனைப் பற்றி எழுதியது சரி, அதில் நான் தோற்றேன். அவனுக்கு என் வாழ்த்தைச் சொல். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்கிற சின்னப் புது விளையாட்டுகளும் எனக்குப் பிடிக்கும். ஒன்றில் நான் கலங்கரை விளக்கத்தில் வேலை செய்தேன். விளக்கேற்றுவது, கப்பல்களுக்குக் கையசைப்பது, அவ்வளவுதான். ஆறு மணித்தியாலத்தில் முடிந்தது. முடிந்ததும் சும்மா கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆகாதது போன் விளையாட்டு. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் தோட்டம் வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் நடுகிறார்கள், பிடுங்குகிறார்கள், திரும்ப நடுகிறார்கள். நேற்று ஏன் வரவில்லை என்று விளையாட்டு கேட்கிறது. இன்றைக்கு வந்தால் ஒரு பெட்டி பரிசு. அந்தப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. முடிவு என்று ஒன்று இருந்தால்தான் விளையாட்டு. முடிவே இல்லை என்றால் அது உத்தியோகம். அதைத் தொட்டு விளையாடுகிற ஆளோடு எனக்குக் கதைக்க ஒன்றும் இல்லை.

மாக்ரெட் தினமும் படியில் மறித்துக் கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? ஃபைலோடு அதையும் எழுது.

அக்கா


டோஹா,
20 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிந்தியதற்கு மன்னியுங்கள். சுகமாக இருக்கிறேன். வேலை தலைக்கு மேலே. உங்களுக்குச் சுகம் வேண்டுகிறேன். நோன்புக் காலம் என்பதால் இங்கே நேரமெல்லாம் தலைகீழ். மாக்ரெட் அக்காவிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மொறட்டுவை கட்டிய பிறகு இன்னொரு ஊரும் கட்டியிருக்கிறேன். ஃபைல் இத்துடன்.

தர்ஷன்


கொட்டாஞ்சேனை,
23 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை எழுத்தெண்ணிப் படித்தேன், எண்ண அதிகம் இருக்கவில்லை.

ஆனால் ஃபைல் நிறையக் கதைத்தது. பதினொரு வருஷமாக நீ ஒரு வீதி போட்டதில்லை. குதிரைப் படைதான் உனக்கு எல்லாம், சனம் பட்டினி கிடந்தாலும் குதிரைக்குக் கொள்ளு குறையாது. இந்தச் சுற்றில் மூன்று ஊருக்கு வீதி போட்டிருக்கிறாய். களஞ்சியம் கட்டியிருக்கிறாய். நெல்லைச் சேமித்திருக்கிறாய். வயது போனால் புத்தி வரும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பிறகு புது ஊரின் பெயரைப் பார்த்தேன். என் ஊர்களுக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெயர்கள்: ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை, புளூமெண்டால். உன் ஊர்களுக்குக் காலி வீதியின் பஸ் தரிப்பிடங்கள், அதுவும் வரிசை தவறாமல். கொள்ளுப்பிட்டியில் தொடங்கி மொறட்டுவை வரைக்கும் வந்துவிட்டாய். அடுத்தது பாணந்துறையாக இருக்க வேண்டும். இருப்பதோ எங்கோ மலைநாட்டு லிந்துலை. காலி வீதியில் பஸ் ஏறி லிந்துலையில் இறங்கிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

வேறொன்றும் கேட்கவில்லை. என் சுற்றை ஆடி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


டோஹா,
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருஷ வாழ்த்துகள். முழங்கால் எப்படி? நான் சுகம்.

லிந்துலை என்பது வேலைத்தலத்தில் உள்ள ஒரு நண்பரின் ஊர். அன்றைக்கு அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்ததால் கை தவறி அந்தப் பெயர் விழுந்துவிட்டது. வீதி போட்டது சும்மா ஒரு மாற்றத்துக்கு. ஒன்றும் யோசிக்காதீர்கள். வருஷப் பலகாரத்தில் கொக்கிஸ் சாப்பிடும்போது எனக்கும் சேர்த்து ஒன்று.

தர்ஷன்


கொட்டாஞ்சேனை,
17 ஏப்ரல் 2025

தர்ஷனுக்கு,

வருஷம் நன்றாகப் பிறந்தது. மாக்ரெட் வீட்டிலிருந்து கொக்கிஸ் வந்தது. உன் பங்கையும் நானே சாப்பிட்டேன். உனக்கு வைக்கிற மனநிலையில் நான் இல்லை.

போன சுற்றில் நான் ஒரு வேலை செய்தேன். ஜிந்துப்பிட்டித் துறைமுகத்தில் இருந்த காவல் முழுவதையும் எடுத்துவிட்டேன். ஒரு சிப்பாய்கூட இல்லை. உள்ளே பொன், பட்டு, எட்டுக் கப்பல். உன்னை எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் என் மடியில் இருந்து விளையாடத் தொடங்கியவன் நீ. காவல் இல்லாத துறைமுகத்தைக் கண்டால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பிடிப்பாய். அம்மா செத்த வருஷம் நீ சிரித்தது அப்படி ஒரு துறைமுகத்தைப் பிடித்த அன்றைக்குத்தான். அதற்காக எத்தனை தரம் வேண்டுமென்றே திறந்து வைத்தேன் என்று உனக்குத் தெரியாது.

இந்தத் தரம் உன் படை வந்தது. ஒரு கட்டத்துக்கு முன்னே நின்றது. திரும்பிப் போனது. அதற்குப் பிறகு ஒரு கப்பல் நெல் எனக்கு இனாமாக வந்து சேர்ந்தது.

இது நீ இல்லை. இரண்டு சுற்றாக வேறு யாரோ ஆடுகிறார்கள். நல்ல ஆள் போலத்தான் தெரிகிறது. நான் சும்மா விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கோபம் வருகிறது, தம்பி. எங்கள் இரண்டு பேருக்கும் என்று இருந்த ஒரே நாட்டுக்குள் சொல்லாமல் ஆளைக் கூட்டி வந்துவிட்டாயே. யார் அது?

ஜீவராணி


டோஹா,
30 மே 2025

என் அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று மாக்ரெட் அக்காவிடம் கேட்டு அறிந்தேன். உங்களிடம் நேரே கேட்கத் துணிவு வரவில்லை. ஆறு கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தேன். இங்கே வெயில் நாற்பத்தைந்து பாகை. அதைவிட உங்கள் கடைசிக் கடிதம் சுட்டது.

அவளுடைய பெயர் சுபாஷினி. இந்த ஆஸ்பத்திரியில் கண் பகுதியில் வேலை செய்தவள். அவளுடைய தகப்பனார் இல்லை. தாய்க்குச் சுகமில்லாமல் போனதால் இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்குத் திரும்பினாள். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து தாயைக் கூட்டி வந்து, இப்போது வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். ஓம் அக்கா, வெள்ளவத்தையில்தான். உங்களிடமிருந்து இரண்டு பஸ் தூரத்தில்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். 2019 இல் நான் லீவில் வந்தபோது ஒரு பிள்ளையை உங்களுக்கு அறிமுகப்படுத்தினேனே. அதே வெள்ளவத்தையில், கூல்ஸ்பொட் ஐஸ்கிறீம் கடையில். நீங்கள் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டீர்கள். தோற்றால் என்ன செய்வீர், கோபம் வந்தால் யாரோடு கதைப்பீர், இவன் உழைப்பில்லாமல் வந்து நின்றால் வைத்துப் பார்ப்பீரா. அவளுடைய ஐஸ்கிறீம் உருகித் தண்ணியாகிவிட்டது. அடுத்த நாள் அவள் என் போனை எடுக்கவில்லை. நான் உங்களோடு ஒரு சொல்லும் சண்டை பிடிக்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், எனக்கு அது பெரிய வலி.

சுபாஷினியை அந்த மேசைக்கு முன்னால் கொண்டுவந்து இருத்த எனக்குப் பயம். அவள் தோட்டத்துப் பிள்ளை என்றும் மாக்ரெட் அக்கா போன்றவர்கள் கதைப்பார்கள். பிறகுதான் உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது, ஆளை விளையாட விட்டுப் பார்த்தால் போதும் என்று எழுதினீர்களே. ஊர், பேர், உத்தியோகம் ஒன்றும் தெரியாமல் முதலில் அவளுடைய ஆட்டத்தைப் பாருங்கள் என்று நினைத்து, இரண்டு சுற்று ஃபைலை அவளுக்கு அனுப்பி ஆட வைத்தேன். பெயர் வைக்கும் வழக்கத்தை அவளுக்குச் சொல்ல மறந்தேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் போனில் தோட்டம் வைத்திருக்கிறாள். கத்தரிக்காயும் உண்டு.

அக்கா, இந்தத் தரம் நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் அவளை விடமாட்டேன். ஆனால் உங்கள் முகம் சிரிக்காத கலியாணம் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் தம்பி
தர்ஷன்


கொட்டாஞ்சேனை,
6 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை, வெட்கத்தால். பதினொரு வருஷத்தில் ஃபைல் இல்லாமல் நான் அனுப்புகிற முதல் கடிதம் இது.

அந்தப் பிள்ளையிடம் நான் கேட்ட கேள்விகள் உன் நன்மைக்காக என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லி வைத்திருந்தேன். பொய். ஒரு பெண் வந்தால் நீ அவளுக்கு எழுதுவாய், அவளோடு விளையாடுவாய், எனக்கு மறுபடி "வைக்கட்டா அக்கா" மட்டும்தான் மிஞ்சும் என்று பயந்தேன். அந்தப் பிள்ளை எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில்தான் சொன்னாள். நல்ல பதில் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது, இன்னும் கேட்டேன். அவளை விரட்டியது நான்தான். மன்னித்துக்கொள் ராசா. ஆறு வருஷம் பிந்திக் கேட்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளை என்று கதைக்கிறவர்கள் என் படியில் ஏறக்கூடாது என்று மாக்ரெட்டிடம் சொல்லிவிட்டேன். அவள், "நான் எங்க கதைச்சனான்? படத்தைக் காட்டு!" என்று என்னை ஏசினாள். அநியாயமாக அவளைப் பழித்துவிட்டாய்.

கத்தரிக்காயைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் உன் சுற்றை அவள் ஆடுகிறாள் என்றால், அவளே எனக்கு எழுதட்டும். ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். அவள் எழுதுவதை எழுதட்டும்.

அக்கா


வெள்ளவத்தை,
13 ஜூலை 2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சுபாஷினியின் வணக்கம். நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி? படியேறும்போது வலிக்காத காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை. கண்ணைப் பார்க்கிறவள் காலைப் பற்றி ஏன் கதைக்கிறாள் என்று நினைக்காதீர்கள், அம்மாவுக்கும் அதே வருத்தம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். தர்ஷன் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. உங்கள் துறைமுகத்தை நான் பிடிக்காமல் விட்டது இரக்கத்தால் இல்லை. எட்டுக் கப்பல், ஒரு காவல்காரனும் இல்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே. கண்ணிவெடி வைத்திருக்கிறீர்கள் என்று பயந்து திரும்பினேன். நெல் அனுப்பியதும் நான் வேண்டுமென்று செய்ததில்லை. கப்பலை வீட்டுக்குத் திருப்புகிற பட்டன் என்று நினைத்து அழுத்தினேன். நெல் போய்விட்டது. திருப்பி எடுக்க வழி தேடி ஒரு மணித்தியாலம் அலைந்தேன். பழைய விளையாட்டில் "வேண்டாம்" என்று ஒரு பட்டன் வைத்திருக்கக்கூடாதா? இதை வைத்து என்னை நல்லவள் என்று நினைத்திருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

லிந்துலை விஷயம்: ஊருக்குப் பெயர் கேட்டது. எனக்குக் கேட்டவுடன் வருகிற ஊர் அது ஒன்றுதான்.

போன் விளையாட்டு பற்றி நீங்கள் எழுதியதைத் தர்ஷன் பயந்து பயந்து வாசித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தோட்டம் என்னுடையது இல்லை அக்கா, அம்மாவுடையது. நான் தண்ணீர் ஊற்ற மட்டும்தான். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். இப்போது சோபாவில் இருந்து கத்தரிக்காய் பறிக்கிறார். "இங்க கங்காணி இல்ல, அட்ட கடிக்காது, அம்புட்டும் நமக்கே" என்பார். அது முடியாமல் இருப்பதுதான் அவருக்குச் சந்தோஷம். நீங்கள் அதை உத்தியோகம் என்கிறீர்கள். உத்தியோகத்தில் நின்று களைத்தவருக்கு அதுதான் விளையாட்டு.

என் சொந்தச் சுற்றை இத்துடன் அனுப்புகிறேன். ஜிந்துப்பிட்டியில் இன்னும் காவல் போடவில்லை நீங்கள். இந்தத் தரம் பிடித்துவிட்டேன். இது தெரிந்தே செய்தது.

பணிவுடன்
சுபாஷினி


கொட்டாஞ்சேனை,
28 ஜூலை 2025

என் தம்பிக்கு,

நான் நல்ல சுகம். முழங்காலும் சுகம், ஏனென்றால் இப்போது நான் சரியான காலில் ஏறுகிறேன்.

ஆளை ஆட்டத்தில் அறிவேன் என்று முப்பது வருஷம் பெருமையடித்த உன் அக்கா தோற்றுப்போனேன். இரக்கம் என்று நினைத்தது சந்தேகம், தாராளம் என்று நினைத்தது பிழையான பட்டன். அந்தக் கடிதத்தை வாசித்துத் தனியே இருந்து சிரித்ததில் மாக்ரெட் பயந்து மேலே ஏறி வந்துவிட்டாள். ஆனால் தம்பி, ஆட்டத்தில் தெரியாதது கடிதத்தில் தெரிந்தது. தனக்குக் கிடைத்த நல்ல பெயரைத் தானே எழுதித் திருப்பிக் கொடுக்கிற பிள்ளை எத்தனை பேர்?

முந்தநாள் சனிக்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டேன். கோட்டையில் பஸ் மாறி, நின்றபடியே போனேன். கொண்டக்டர் பெடியன் "அக்கே, பஹின்ன!" என்று கத்திய பிறகுதான் இறங்கும் இடம் வந்தது தெரிந்தது. அவ்வளவு யோசனை. கண்ணாடிக் கடைக்குள் போய்க் கதிரையில் இருந்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்டு, மூக்கின் மேல் பேனா அடையாளத்தோடு ஒரு பிள்ளை வந்தாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணுமாங்க?"

"ஓம் பிள்ளை. ஜிந்துப்பிட்டியில ஒரு துறைமுகம் வச்சிருந்தனான். ரெண்டு கிழமையாக் கண்ணுக்குத் தெரியேல்ல."

கையில் இருந்த லென்ஸ் பெட்டியை அப்படியே மேசையில் வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல் கடை முழுக்கக் கேட்கச் சிரித்தாள். முதலாளி எட்டிப் பார்த்தார். பிறகு நிஜமாகவே என் கண்ணைப் பரிசோதித்தாள். இடது கண் கொஞ்சம் பின்னுக்கு நிற்கிறதாம். அந்த மஞ்சள் பெயின்ட் எனக்குத் தேவைதான் என்கிறாள்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கடலுக்குப் போகும் ஒழுங்கையில் இரண்டாம் மாடி. பழனியம்மா, அவளுடைய தாயார், எழும்ப வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? கேட்கவில்லை. அதற்கும் சேர்த்து அந்த அம்மா கேட்டார். எத்தனை வயது, ஏன் கலியாணம் செய்யவில்லை, சமைப்பேனா, கோபம் வருமா, கம்பியூட்டரில் அவ்வளவு நேரம் இருந்தால் முதுகு என்னாவது. தேத்தண்ணி ஆறிவிட்டது. ஒரு மேசைக்கு மறுபக்கம் இருப்பது எப்படி என்று எனக்கு இப்போது தெரியும். நியாயமான கேள்விகள்தான். ஆனால் வியர்த்தது.

பிறகு தன் தோட்டத்தைக் காட்டினார். போனை என் கையில் தந்து, "நீங்களும் நாலு செடி வைங்களேன்" என்றார். நான் போஞ்சி நட்டேன். போஞ்சி முளைத்தபோது அந்த அம்மா கை தட்டினார். நானும் தட்டினேன். வேறு யாருக்கும் இதைச் சொல்லாதே.

அப்போதுதான் வாய் தவறிக் கேட்டேன். ஒரே ஒரு கேள்வி, சத்தியமாக.

"தர்ஷன் வாற மாசம் லீவில வாறானாம். எப்ப கலியாணம் எண்டு உம்மோட கதைச்சவனோ?"

சுபாஷினி தாயைப் பார்த்தாள். தாய் கூரையைப் பார்த்தார்.

"அவரு இன்னும் என்கிட்ட கேக்கவே இல்லக்கா. அக்கா சரின்னு சொன்னப்புறம்தான் கேப்பேன்னு ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டே இருக்காரு."

தம்பி, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பதினொரு வருஷம் குதிரைப் படை வைத்திருந்தவன் நீ! குன்று, கோட்டை, துறைமுகம் ஒன்றையும் விட்டு வைக்காதவன். இரண்டு வருஷமாக ஒரு கேள்வி கேட்கவில்லையா? அந்தப் பிள்ளை இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. என் பயத்துக்காக அவளை இவ்வளவு நாள் காக்க வைத்திருக்கிறேன் என்று எனக்குப் பட்டது. போஞ்சிச் செடிக்கு நடுவில் போனை வைத்துவிட்டேன்.

"அப்ப நான் கேக்கிறன்" என்றேன். "எங்கட தர்ஷனைக் கட்டுறியா, பிள்ளை?"

கீழே ஒழுங்கையில் பாண் விற்கிறவரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. சுபாஷினி முகத்தைத் துடைத்தாள், மூக்கில் இருந்த பேனா மை கன்னத்துக்குப் பரவியது.

"சரிங்கக்கா" என்றாள்.

பழனியம்மா, "எனக்கும் சரி" என்றார். நான் அழுதேன். மறைக்கவில்லை, அவர்களும் மறைக்கவில்லை. மூன்று பேரும் அழுதுவிட்டு ஆறின தேத்தண்ணியைச் சூடாக்கிக் குடித்தோம்.

இருட்டுவதற்கு முன் பஸ் ஏற்றிவிட்டாள். வருகிற வழியெல்லாம் என் மனம் எவ்வளவு லேசாக இருந்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

ஆக, பெண் வீட்டில் பூரண சம்மதம். மாப்பிள்ளைக்கு விருப்பமா என்று கேட்டு உடனே எழுது.

அன்பு அக்கா
ஜீவராணி